ஆப்கான் ராணுவம்: பட்டியலில் மூன்று லட்சம், காவல் சாவடியில் எத்தனை பேர்?

கரிசல்காடு:

2021 ஆகஸ்ட் 6 அன்று நிம்ரோஸ் மாகாணத் தலைநகர் ஸரஞ்ச் தாலிபான் கையில் விழுந்தது. ஆகஸ்ட் 15 அன்று காபூல். இருபது வருடம் கட்டிய படை பத்து நாளில் கலைந்துபோனது. ஆப்கான் பாதுகாப்புப் படைகளுக்கு மட்டும் அமெரிக்கா ஒதுக்கிய தொகை 8,800 கோடி டாலருக்கு மேல்.

தமிழில் இதைப் பற்றி வாசிக்கக் கிடைப்பதெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. "ஊழல் அதிகம்", "அமெரிக்கர்களுக்கு அந்த மக்களின் கலாசாரம் பிடிபடவில்லை". இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். எப்படி நடந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். இல்லாத ஆள் பெயரில் சம்பளம் எடுப்பது நடைமுறையில் எப்படி நடக்கும்? யார் கையெழுத்து, பணம் எந்த இடத்தில் கைமாறுகிறது? கைரேகையும் கண் பதிவும் வந்த பிறகும் ஏன் நிற்கவில்லை? கலாசார வேறுபாடு என்றால் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது மாதிரி விஷயமா, அதைவிட ஆழமானதா? இதெல்லாம் அமெரிக்கர்களுக்குத் தெரியாமலா இருந்தது?

விவரமாக எழுதுங்கள், நீளமாகப் போனாலும் பரவாயில்லை.

---

பட்டுவாடா:

சம்பளத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றவை அங்கிருந்து கிளைப்பவை.

ஆப்கான் படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் 'தஷ்கீல்' என்று ஒன்று உண்டு. எத்தனை பணியிடம், என்ன பதவி, எத்தனை துப்பாக்கி, எத்தனை வண்டி என்பதற்கான அங்கீகரிக்கப்பட்ட பட்டியல். ராணுவம், போலீஸ் இரண்டும் சேர்த்து மொத்தத் தஷ்கீல் 3,52,000. ஒவ்வொரு பிரிவின் கமாண்டரும் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று வருகைத் தாள் எழுதி மேலே அனுப்புவார். அது படிப்படியாகக் காபூல் அமைச்சகத்துக்குப் போய்ச் சம்பளப் பட்டியலாகும். அந்தப் பட்டியலை வைத்து வெளிநாட்டு நிதி இறங்கும். இங்கேதான் ஓட்டை. ஆளை எண்ணுகிறவரும் கமாண்டர், எண்ணிக்கை கூடினால் லாபம் அடைகிறவரும் கமாண்டர்.

'ஆவி வீரர்' என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே வகை இல்லை. சண்டையில் செத்தவன் பெயரை நீக்காமல் வைத்திருப்பது ஒன்று. ஓடிப்போனவனை 'பணியில்' என்றே காட்டுவது இன்னொன்று. இதுதான் அதிகம், ஏனென்றால் விட்டுப் போகிறவர்களுக்கு அங்கே குறைவே இல்லை. மூன்றாவது, ஆள் உண்மையில் இருப்பான், வீட்டில் இருப்பான். சம்பளத்தில் பாதியைக் கமாண்டரிடம் விட்டுவிட்டுத் தன் பிழைப்பைப் பார்ப்பான். கடைசி வகை, பிறக்கவே பிறக்காதவன், வெறும் பெயர். தணிக்கைக்கு மிகவும் கஷ்டம் தருவது அந்த மூன்றாம் வகை. பரிசோதனை வருகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு மட்டும் வந்து வரிசையில் நின்றுவிடுவான்.

பணம் கைமாறும் இடம் போலீஸில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. போலீஸ் சம்பளம் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நிர்வகித்த ஒரு நிதியத்தின் வழியே வந்தது. வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் 'முதமத்' என்று ஒருவர் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். முதமத் என்றால் நம்பிக்கைக்கு உரியவர் என்று பொருள். 2015 ஜனவரியில் சிகார் தணிக்கை (ஆப்கான் மறுகட்டமைப்புச் செலவைக் கண்காணிக்க அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த அலுவலகம்) சொன்னது: போலீஸாரில் ஏறக்குறைய 20 சதவீதம் பேர் இந்த ரொக்க வழியில் இருக்கிறார்கள், அவர்கள் சம்பளத்தில் பாதி வரை வழியிலேயே போக வாய்ப்பிருக்கிறது.

அடிமட்டக் காவலருக்கு இது எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2009-ல் ரோஷன் என்ற செல்போன் நிறுவனத்தின் எம்-பைசா வழியாக வர்தக் மாகாணம் ஜல்ரேஸ் மாவட்டத்தில் ஐம்பது சொச்சம் போலீஸாருக்குச் சம்பளம் நேராகப் போனில் அனுப்பிப் பார்த்தார்கள். முதல் மாதம் பணம் வந்ததும் அவர்கள் சம்பளம் உயர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். உயர்வு ஒன்றும் இல்லை, அதுதான் அவர்களுடைய முழுச் சம்பளம். அதுவரை தங்கள் சம்பளம் எவ்வளவு என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும்: ஒரு கமாண்டர் தன் ஆட்களின் போனையும் ரகசிய எண்ணையும் வாங்கிக்கொண்டு ஏஜென்ட் கடையில் பணம் எடுக்கப் போய்விட்டார்.

அந்தக் கமாண்டரைத் திருடன் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மாவட்டப் போலீஸ் தலைவர் பதவி அங்கே விலைக்குப் போனது. சுங்கச் சாவடியோ அபின் பாதையோ இருக்கும் மாவட்டம் என்றால் விலை கூடுதல். வாங்கியவர் போட்ட முதலை எடுக்க வேண்டும், தன்னை நியமித்தவருக்கு மாதாமாதம் மேலே அனுப்பவும் வேண்டும். அனுப்பாவிட்டால் பதவி போய்விடும். நேர்மையான ஒரு கமாண்டர் அந்த ஏணியில் நிற்கவே முடியாது.

கைரேகை விஷயம். ஆப்கான் ஆள் மற்றும் சம்பள முறை என்று ஒரு கணினி முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வீரருக்கும் கைரேகை, கண் பதிவு, அடையாள எண். அந்த எண்ணைத் தஷ்கீலில் உள்ள ஒரு பணியிடத்தோடு இணைத்தால்தான் கணக்கில் வருவார். 2019-ல் எண்ணிக்கையை இந்த முறையிலிருந்து எடுக்க ஆரம்பித்ததும் சுமார் 42,000 பெயர்கள் கணக்கிலிருந்து விழுந்தன. பயன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கைரேகை சொல்வது 'இப்படி ஒரு மனிதர் இருக்கிறார்' என்பதை மட்டும்தான். அவர் இன்று சாவடியில் நிற்கிறாரா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது தினசரி வருகைத் தாள். அதை எழுதுகிறவர் அதே கமாண்டர். ஓடிப்போனவரை நீக்க வேண்டும் என்றாலும் அவர்தான் எழுதி அனுப்ப வேண்டும்.

சம்பளத்தோடு இது முடிந்திருந்தால்கூடப் படை நின்றிருக்கலாம். சோறு, டீசல், தோட்டா எல்லாம் அதே பட்டியலை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஆவிகளின் பங்கு டீசல் சந்தைக்குப் போகும். இருக்கிற ஆட்களின் பங்கிலும் கை வைப்பார்கள். அதைவிட மோசம், காபூலில் சண்டைத் திட்டம் போடுகிறவர் அந்தக் காகித எண்ணை நம்பித்தான் போடுவார். 2016 ஜனவரியில் ஹெல்மந்த் மாகாண சபைத் தலைவர், அங்கே பட்டியலில் இருக்கும் பெயர்களில் சுமார் 40 சதவீதம் பேர் இல்லவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பத்துப் பேர் காக்க வேண்டிய மண்கோட்டையில் ஆறு பேர் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களுக்கு உதவியாக வரவேண்டிய பிரிவிலும் அதே கணக்கு. இரவில் அந்த ஆறு பேர் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டால் வருவதற்கு ஆள் இருக்காது.

---

நெடுஞ்சாலை:

பட்டுவாடா சொன்னது ஆப்கான் பக்கம். அமெரிக்கப் பக்கத்துக் குழாயையும் பார்க்க வேண்டும். ஒழுகல் அங்கேயும் பெரிது.

களத்தில் இருந்த அமெரிக்கப் படைக்கான சாப்பாடு, எரிபொருள், உதிரிபாகம் என்று 70 சதவீதத்துக்கு மேல் ஒரே போக்குவரத்து ஒப்பந்தத்தின் கீழ் உள்ளூர் லாரிகளில் போனது. மதிப்பு 216 கோடி டாலர், எட்டு நிறுவனங்கள். தங்கள் வீரர்களை லாரிக் காவலில் நிறுத்தி இழக்கக் கூடாது என்பதால், பாதுகாப்பும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு நிபந்தனையில்தான் எல்லாம் கெட்டது.

ஒப்பந்தக்காரரிடம் ஆயுதப் படை கிடையாது. துணை ஒப்பந்தம் போட்டு, சாலையைக் கையில் வைத்திருக்கும் ஆயுதக்குழுத் தலைவனிடம் போவார். காபூல்–காந்தஹார் நெடுஞ்சாலையில் ரூஹுல்லா என்பவர்தான் அந்த ஆள். லாரி ஒன்றுக்கு 1,500 டாலர் வரை வாங்கினார். கொடுக்காத லாரி வரிசை தாக்கப்படும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு தாலிபானுக்குப் போனது என்று ஒப்பந்தக்காரர்களே அமெரிக்க அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். 2010 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை முழு அறிக்கையாகவே வெளியிட்டது. பிறகு ராணுவமே ஒரு தனிக்குழு வைத்து ஒப்பந்தங்களைத் துருவியது. சுமார் 36 கோடி டாலர் தாலிபான், குற்றக்கும்பல்கள், அவர்களோடு தொடர்புள்ள உள்ளூர்ப் பெரும்புள்ளிகள் கைக்குப் போயிருக்கிறது என்று 2011-ல் கணக்கு வந்தது. தன் வீரர்களைச் சுடுகிறவனுக்கு ஒரு ராணுவம் தன் சாப்பாட்டு லாரி மூலம் பணம் கொடுத்திருக்கிறது. இதை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாலையில் செத்தவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இரண்டு பக்கமும்.

துணை ஒப்பந்தம், அதன் துணை ஒப்பந்தம் என்று இறங்கும்போது மூன்றாவது படிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அமெரிக்க அதிகாரிக்கு வழியே இல்லை. ஒப்பந்த அதிகாரி தளத்தை விட்டு வெளியே போக முடியாது, பாதுகாப்பு இல்லை. ஆறு மாதம், ஒரு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அவருடைய பணிக்குறிப்பில் ஏறுவது எவ்வளவு செலவழித்தார் என்பது. ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்பினால் அடுத்த ஒதுக்கீடு குறையும். ஹெல்மந்தில் கேம்ப் லெதர்நெக் தளத்தில் 64,000 சதுர அடியில் ஒரு தலைமையகக் கட்டடம், செலவு சுமார் 3.6 கோடி டாலர். அங்கிருந்த ஜெனரலே 2010-ல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கட்டிமுடித்தார்கள். ஒரு நாள்கூடப் பயன்படவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தெரியும், நன்றாகவே தெரியும். 2010 ஜூலையில் அமெரிக்கர்கள் பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஊழல் தடுப்புப் பிரிவே அதிபர் மாளிகை அதிகாரி முகமது ஜியா சலேஹியைக் கைது செய்தது. விசாரணை ஒன்றைத் தடுப்பதற்கு மகனுக்குக் கார் கேட்டது ஒட்டுக்கேட்ட பதிவில் இருந்தது. அதிபர் கர்சாய் சில மணி நேரத்தில் அவரை விடுவித்தார். அடுத்த மாதமே சலேஹி அமெரிக்க உளவு அமைப்பின் சம்பளப் பட்டியலில் இருந்தவர் என்று அமெரிக்கப் பத்திரிகையில் செய்தி வந்தது. 2013 ஏப்ரலில் கர்சாய் தன் அலுவலகத்துக்கு அந்த அமைப்பிடமிருந்து பணம் வந்துகொண்டிருந்ததைத் தானே ஒப்புக்கொண்டார். அமெரிக்க அரசின் ஒரு கை ஊழலைப் பிடிக்க ஆள் தயார் செய்தது, இன்னொரு கை அதே ஆட்களுக்கு ரொக்கம் கொடுத்தது. அன்றாடச் சண்டைக்கு இந்தப் புள்ளிகள் தேவைப்பட்டதால் இரண்டாவது கைதான் எப்போதும் ஜெயித்தது.

---

கரிசல்காடு:

இருவருக்கும் நன்றி. ரகசிய எண்ணையே வாங்கிக்கொண்ட கமாண்டர் விஷயம் எனக்குப் புதிது. ஒரு சந்தேகம். இதுவரை வந்ததெல்லாம் பணம், அதிகாரம். கலாசாரம் என்று சொல்வது வெறும் சாக்குதானா?

---

ஏழாங்கல்:

சாக்கு இல்லை. தேடும் இடம்தான் தவறு.

பழக்கவழக்க உரசல் நிஜமாகவே ஆளைக் கொன்றது. 2012-ல் மட்டும் ஆப்கான் சீருடையில் இருந்தவர்கள் சுட்டு 60-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு வீரர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம், அமெரிக்க ராணுவத்துக்காகவே ஓர் ஆய்வாளர் 600-க்கும் மேற்பட்ட ஆப்கான் வீரர்கள், போலீஸாரிடம் பேசி அறிக்கை கொடுத்திருந்தார். அவர்கள் சொன்ன குறைகள்: நள்ளிரவில் வீடு புகுந்து சோதனை, பெண்கள் இருக்கும் அறைக்குள் நுழைவது, சாலையில் எல்லோரையும் ஒதுக்கித் தள்ளும் வண்டி வரிசை, நாய்களை வீட்டுக்குள் விடுவது, எல்லோர் முன்னும் கெட்ட வார்த்தையில் திட்டுவது. 2012 பிப்ரவரியில் பக்ராம் தளத்தில் குர்ஆன் பிரதிகள் எரிக்கப்பட்டபோது நிலைமை கைமீறியது. அதன் பிறகு பயிற்சியாளர் வகுப்பெடுக்கும்போதே பின்னால் இன்னொரு அமெரிக்க வீரர் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு ஆப்கான் மாணவர்களைக் கவனித்தபடி நிற்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த அறையில் என்ன கற்றுக்கொடுக்க முடியும்?

ஆனால் என் கணிப்பில் இதைவிடப் பெரிய வேறுபாடு, ராணுவம் என்றால் என்ன என்பதில் இருந்தது. பொருள் வழங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்கான் அதிகாரிகளில் மூத்த தலைமுறை சோவியத் முறையில் வளர்ந்தது. அதில் மேலிடம் கணக்குப் போட்டுக் கீழே அனுப்பும், கீழே இருப்பவர் கேட்க வேண்டியதில்லை. அமெரிக்க முறை நேரெதிர். கீழே உள்ள பிரிவு இன்னது தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கேட்டால்தான் வரும். அதற்கு 'படிவம் 14' என்று ஒரு காகிதம். வரிசையாகக் கையெழுத்துகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு காத்திருப்பு. சில மேசைகளில் காத்திருப்பைக் குறைக்கக் கட்டணம். கேட்டால் வராது என்று தெரிந்தவர் என்ன செய்வார்? வந்ததைப் பூட்டி வைப்பார். கிடங்கில் உதிரிபாகம் குவிந்திருக்கும், பக்கத்துப் பட்டாலியனில் வண்டி டயர் இல்லாமல் நிற்கும். அதை அமெரிக்கர்கள் பதுக்கல் என்று எழுதினார்கள். கையிருப்புதான் அந்த அதிகாரிக்கு மரியாதை, பாதுகாப்பு, நாளைக்கு யாரிடமாவது உதவி கேட்க ஒரு பிடி. இல்லை என்று எழுதிக் கொடுப்பது தன் பலவீனத்தைத் தானே பதிவு செய்வது.

படிவத்தை யார் படிப்பது என்பது அடுத்தது. 2009 வாக்கில் சேர்ந்தவர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 14 சதவீதம் அளவில்தான். 20 கோடி டாலர் ஒப்பந்தங்கள் போட்டு எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்கள். எல்லோரும் முதல் நிலை, பாதிப் பேர் மூன்றாம் நிலை என்பது இலக்கு. முதல் நிலை என்றால் தனிச் சொற்களை வாசிப்பது, ஆயிரம் வரை எண்ணுவது. மூன்றாம் நிலைதான் வேலைக்கு உதவும் எழுத்தறிவு. படிப்பு முடிவதற்குள் ஆளைச் சாவடிக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் அவரே விட்டுப் போய்விடுவார். வகுப்பு எத்தனை பேருக்கு நடந்தது என்பதை எண்ணினார்கள். படையில் இன்று எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும் என்று 2014-ல் சிகார் கேட்டபோது பதில் இல்லை. இப்படிப்பட்ட படைக்குக் கணினிவழிக் கிடங்குக் கணக்கு முறையைக் கொடுத்தார்கள்.

ஹெலிகாப்டர் கதை இதில் மிக வலிப்பது. எம்ஐ-17 ரஷ்ய ஹெலிகாப்டரை ஆப்கான் மெக்கானிக்குகளுக்குத் தலைமுறையாகத் தெரியும். பராமரிப்பில் சுமார் 80 சதவீதத்தைத் தாங்களே செய்தார்கள். மலை உயரத்தில் பாரம் தூக்கும், பழுது பார்க்க எளிது. அதை மாற்றி அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் கொடுக்க முடிவானது, மொத்தம் 159 கொடுப்பதாகத் திட்டம். ரஷ்யாவிடம் இனி வாங்கக் கூடாது என்ற வாஷிங்டன் அரசியல் இதற்கு முக்கியக் காரணம். ஒரு எம்ஐ-17 தூக்கும் பாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு பிளாக் ஹாக் தேவைப்பட்டது. பராமரிப்பு பெரும்பாலும் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் கையில். 2021 கோடையில் ஒப்பந்தக்காரர்கள் கிளம்பியதும் ஹெலிகாப்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மலைமேல் இருந்த சாவடிகளுக்குத் தோட்டாவும் தண்ணீரும் போக வேறு வழி கிடையாது.

சீருடை இன்னொன்று. 2007-ல் ஆப்கான் பாதுகாப்பு அமைச்சர் அப்துல் ரஹீம் வர்தக் இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போனது என்று ஒரு தனியார் நிறுவனத்தின் காட்டு உருமறைப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். நாட்டில் காடு 2.1 சதவீதம்தான். அமெரிக்க அதிகாரிகள் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். கூடுதல் செலவு 2.8 கோடி டாலர் வரை என்று சிகார் 2017-ல் கணக்கிட்டது. தொகை சின்னது, விட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று. 'ஆப்கான் கலாசாரம்' என்று ஒருமையில் பேசுவதே பிழை. ஹெல்மந்திலோ காந்தஹாரிலோ நிறுத்தப்பட்ட வீரர்களில் பலர் வடக்கிலிருந்து வந்த தாரி பேசும் தாஜிக்குகள், ஹஸாராக்கள். பஷ்தோ பேசும் கிராமத்துக்கு அவர்களும் வெளியூர்க்காரர்கள்தான்.

---

முல்லைவெளி:

ஏழாங்கல் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கலாசாரத்தை முதற்காரணம் ஆக்கக்கூடாது என்பதற்கு எங்கட இலங்கைப் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கு. 1989-ல் இந்திய அமைதிப்படை வடகிழக்கு மாகாண அரசுக்காகத் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று ஒன்றை உருவாக்க உதவியது. பெடியன்களை வீதியிலும் வீட்டிலும் பிடிச்சுக்கொண்டு போய்க் குறுகிய பயிற்சி கொடுத்துத் துவக்கைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் படைக்கும் சனத்துக்கும் மொழி வேறில்லை, சமயம் வேறில்லை, ஊர்கூட வேறில்லை. இந்தியப் படை பகுதி பகுதியாக விலக விலக அது புலிகளிடம் சரிந்தது. 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறினபோது சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. கட்டாயத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் செத்தார்கள். அவர்களுக்காக இன்றைக்கும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. யாருக்காகச் சண்டை பிடிக்கிறோம் என்பதற்கு விடை இல்லாத படை அது.

எதிர்ப்பக்க உதாரணம் ஆப்கானிஸ்தானிலேயே இருக்கு. சோவியத் படை 1989 பிப்ரவரி 15 அன்று வெளியேறியது. அவர்கள் ஆதரவில் இருந்த ஆப்கான் அதிபர் நஜிபுல்லா சில மாதத்தில் விழுவார் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். மார்ச்சில் ஜலாலாபாத் மீது வந்த பெரிய தாக்குதலை அவருடைய படை முறியடித்தது. மூன்று வருடம் நின்றது. அந்த அரசிலும் ஊழல் இருந்தது, ஆயுதக்குழுக்களுக்குக் காசு கொடுத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் ஆயுதம் அவர்களுக்குத் தெரிந்த ஆயுதம், அதிகாரிகள் 1950-களிலிருந்து அதே முறையில் பயின்றவர்கள். 1992 தொடக்கத்தோடு மாஸ்கோவின் உதவி நின்றது. அவர் பக்கம் இருந்த வடக்கு ஆயுதக்குழுத் தலைவர் தோஸ்தம் போன்றவர்கள் கட்சி மாறினார்கள். ஏப்ரலில் எல்லாம் முடிந்தது.

ஈராக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2014 ஜூனில் மோசுல் விழுந்தது. நவம்பரில் பிரதமர் ஹைதர் அல்-அபாதி நான்கு டிவிஷன்களில் மட்டும் 50,000 ஆவி வீரர்கள் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அங்கே அவர்களை 'விண்வெளி வீரர்கள்' என்று சொல்வார்கள், தரையில் கால் படாதவர்கள் என்ற பொருளில். வேறு நாடு, வேறு மொழி, கட்டினது அதே கை, அதே சம்பளப் பட்டியல் முறை.

---

கரிசல்காடு:

அப்படியென்றால் 2021-ல் அந்த '3 லட்சம்' எவ்வளவு உண்மை? இந்த ஆவிக் கணக்கை எந்த நாடாவது சரியாகத் தடுத்திருக்கிறதா?

---

பட்டுவாடா:

2021 ஏப்ரல் இறுதியில் பதிவில் இருந்த எண் 3,00,699. இதில் ராணுவம், விமானப்படை 1,82,071. மீதி 1,18,628 பேர் போலீஸ். பீரங்கியோ வான் ஆதரவோ இல்லாத போலீஸையும் சேர்த்துத்தான் 'மூன்று லட்சம் வீரர்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீழ்ச்சிக்குப் பிறகு முன்னாள் நிதி அமைச்சர் காலித் பயேந்தா, அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி இல்லாதவர்கள் என்று பேட்டியில் சொன்னார். ஆறில் ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்பது அவர் மதிப்பு. அவ்வளவு குறைவு என்று ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. குறைந்தது 66,000 ஆப்கான் படையினர் அந்தப் போரில் செத்திருக்கிறார்கள். இல்லாதவர்கள் சாக மாட்டார்கள். இருந்தவர்கள் சண்டை போட்டார்கள், சம்பளம் பாக்கியோடு போட்டார்கள். 2021 ஆகஸ்டில் காந்தஹார் முனையில் ஒரு போலீஸ் பிரிவுக்கு அன்றைய ரேஷனாக வந்தது ஒரு பெட்டி அழுகல் உருளைக்கிழங்கு.

அடிபட்டால் எங்கே கொண்டுபோவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். காபூல் தாவூத் ராணுவ மருத்துவமனையில் 2010–11-ல் அமெரிக்கா கொடுத்த மருந்து திருடு போனது, காயம்பட்ட வீரர்கள் லஞ்சம் கொடுக்க வழியில்லாமல் பட்டினியிலும் சாதாரணத் தொற்றிலும் செத்தார்கள். இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஒருவரிடம் ஊர்ப் பெரியவர் வந்து, துப்பாக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, தாலிபான் ஒன்றும் செய்ய மாட்டார்கள், வழிச்செலவுக்கும் தருவார்கள் என்கிறார். படையை விலக்கிக்கொள்வதாக அமெரிக்கா தாலிபானோடு போட்ட 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு சாவடி சாவடியாக நடந்தது. அவர் எடுத்த முடிவைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தடுத்த நாடு உண்டா என்றால், இது பழைய நோய், மருந்தும் பழையது. அலாவுதீன் கில்ஜி குதிரைக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்தார், வீரருக்கு அங்க அடையாளப் பதிவேடு வைத்தார். சூர் வம்ச ஆப்கானியரான ஷேர் ஷா 1540-களில் அதையே திரும்பக் கொண்டுவந்தார். பிறகு அக்பரும். ஒரே குதிரையை இரண்டு தலைவர்கள் தங்கள் கணக்கில் காட்டிச் சம்பளம் வாங்குவதை நிறுத்தத்தான் அந்தச் சூடு. அதில் முக்கியமான கூறு சூட்டுக்கோல் இல்லை. எண்ணுகிறவர் அந்தத் தலைவருக்குக் கட்டுப்படாதவராக இருந்தார் என்பதுதான்.

ஆப்கானிஸ்தானில் செய்யக்கூடியதாக இருந்தவை: தலை எண்ணும் வேலையைக் கமாண்டரிடமிருந்து பிரித்து, தேதி சொல்லாமல் போய் எண்ணும் தனிக்குழுவிடம் கொடுப்பது. சம்பளத்தில் ஒரு பகுதியை வீரரின் குடும்பத்துக்கு நேராக அனுப்புவது, அப்போது ரகசிய எண்ணைப் பிடுங்க ஊரிலிருக்கும் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும். எண்ணிக்கை குறைந்தால் தண்டிக்காமல் இருப்பது. இந்த மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. உண்மையான எண்ணைச் சொன்ன கமாண்டருக்குத் தோட்டாவும் டீசலும் குறையும், பொய் சொன்னவருக்குக் குறையாது. அப்படி இருக்கும்வரை நேர்மையானவர்கூடப் பெயரைக் கூட்டித்தான் எழுதுவார்.

வங்கி வழியே சம்பளம் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு விவரம். ரொக்கத்தை ஒழிக்க வீரர்கள், போலீஸார், ஆசிரியர்கள் சம்பளத்தைக் கொண்டுபோன வங்கிகளில் பெரியது காபூல் பேங்க். 2010 செப்டம்பரில் அது கவிழ்ந்தது. கொடுத்திருந்த கடனில் 92 சதவீதம், அதாவது 86.1 கோடி டாலர், 19 நபர்கள், நிறுவனங்கள் கையில் இருந்தது. பங்குதாரர்களில் அதிபரின் அண்ணனும் துணை அதிபரின் சகோதரரும் உண்டு. வங்கித் தலைவர் ஷேர்கான் ஃபர்னூத், நிர்வாகி கலீலுல்லா ஃபெரோஸி இருவருக்கும் 2013-ல் ஐந்து வருடம் தண்டனை, 2014-ல் மறுவிசாரணையில் பதினைந்து வருடமானது. 2015 நவம்பரில், தண்டனைக் காலத்திலேயே, ஃபெரோஸி காபூலில் 'ஸ்மார்ட் சிட்டி' வீட்டுமனைத் திட்டத்துக்கு அரசோடு ஒப்பந்தம் போட்டார், அரசு அதிகாரிகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாடே கொதித்த பிறகுதான் அது ரத்தானது.